தருமி பெற்ற பொற்கிழி: புராணமும் படமும்

தருமி என்பான் யாவன் என எம் கல்லூரியின் மேல்வகுப்பொன்றில் யாம் ஒருநாள் வினவினோம். "பொற்கிழிக்கு ஆசைப்பட்ட ஏழைப் புலவன், ஐயா" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை பகர்ந்தது. பரஞ்சோதி முனிவர் பாடிய தருமி புலவனல்லன். தாய் தந்தையரை இழந்த ஆதிசைவப் பிரமசாரி. இல்லறம் புகுந்தாலன்றி இறைவனைப் பூசிக்கும் உரிமை எய்தாமையின், மணஞ்செய்தற்குப் பொருள் வேண்டிச் சோமசுந்தரக் கடவுளை இரந்து நின்றவன். மாணவர் அறிந்த தருமியோ 1965 ஆம் ஆண்டிலே ஏ. பி. நாகராஜன் ஆக்கிய 'திருவிளையாடல்' என்னும் படத்தில் நாகேஷ் நடித்த தருமி. மாணவரை நொந்து பயனில்லை. நூலுக்கு முன்னரே படம் அவர்களை வந்தடைந்துவிட்டது. ஆயினும், பழைய நூலைக் கற்ற ஒருவர் அதனைத் திரையில் மாற்றியமைத்தது ஏன், மாற்றுதற்கு வேண்டிய துணிவு அவருக்கு எங்கிருந்து பிறந்தது என்பவற்றை எண்ணிப் பார்த்தல் தமிழ் கற்பிப்போர்க்குக் கடனேயாம்.

நாகராஜன் (1928 - 1977) இளமையிலேயே டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவிற் சேர்ந்தவர். அச்சகோதரர்களோ சங்கரதாஸ் சுவாமிகளிடம் பயின்றவர்கள். அக்காலப் பாலர் நாடகக் குழுக்களிலே சிறுவர் நூற்றுக்கணக்கான பாடல்களையும் உரையாடல்களையும் மனப்பாடஞ் செய்தல் வேண்டும். புராணமும் பாரதமும் இராமகாதையும் அவர்களுக்குத் தேர்வுக்குரிய பாடங்களல்ல. அன்றன்று மேடையிற் பேசி உண்ணும் சோறு. இங்ஙனம் வாய்க்குள் ஊறிய நூல், அலமாரியில் அடுக்கிய நூலினும் வேறானது. நாகராஜனுடைய உரையாடல்கள் செந்தமிழாயிருந்தும் பாமரர்க்கும் இனித்தமைக்குக் காரணம் இதுவென்றே யாம் கருதுகிறோம்.

இனி அப்படலத்தை நோக்குவோம். திருவிளையாடற் புராணம் மதுரைக் காண்டம், கூடற் காண்டம், திருவாலவாய்க் காண்டம் என மூன்று காண்டங்களும் அறுபத்து நான்கு படலங்களும் உடையது. தருமிக்குப் பொற்கிழி அளித்தது ஐம்பத்திரண்டாம் படலம். சொக்கருக்குச் சாத்துதற்கென நந்தவனத்திலே சண்பகம் வளர்த்தமையாற் சண்பக பாண்டியன் எனப் பெயர்பெற்ற மன்னனுக்கே, மகளிர் கூந்தல் மணம் இயற்கையோ செயற்கையோ என்னும் ஐயம் உதிக்கிறது. இறைவன் எழுதிக் கொடுத்ததாகக் கூறப்படும் செய்யுள் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு. நக்கீரர் குற்றங் கூறப் பொற்கிழியை இழந்த தருமி, கோயிலுக்கு மீண்டு முறையிடுகின்றான். இம்முறையீடே அப்படலத்தின் உயிர். பொருள் போயிற்றே என்று அழவில்லை. உன் பாட்டுக்கே சிற்றறிவுடைய புலவர் குற்றஞ் சொன்னால் உன்னை மதிப்பவர் யார் என்று கடவுளையே மடக்குகிறான்!

நாகராஜன் கண்டெடுத்தது இந்த வித்தினையே. கடவுளோடு வழக்காடும் உரிமை பூண்ட ஓர் ஏழை; அவனிடத்தே அழுகையும் நகையும் அடுத்தடுத்து நிற்கின்றன. புராணத்தில் ஒரு செய்யுளளவாய் இருந்த அக்குறும்பு, படத்திலே முழுக்காட்சியாய் விரிந்தது. பிரமசாரி புலவனானான், மணத்துக்கு வேண்டிய பொருள் வயிற்றுக்கு வேண்டியதாயிற்று. தருமியும் மாறுவேடங்கொண்ட இறைவனும் தொடுக்கும் வினாவும் விடையும் புராணத்தில் இல்லை. அவை பாரதத்து நச்சுப்பொய்கைக் கரையிலே இயக்கன் தருமனை வினவிய மரபை எமக்கு நினைவூட்டுகின்றன. கதையைக் கெடுத்தார் என்பாரும் உளர். அப்பரடிகள் திருப்புத்தூர்த் திருத்தாண்டகத்திற் சுருங்கக் குறித்ததனைப் பெரும்பற்றப்புலியூர் நம்பி ஒருவாறு பாடினார். பின்வந்த பரஞ்சோதியார் விரித்துப் பாடினார். ஆகவே கதை முன்னரும் கைமாறியே வந்துள்ளது. நக்கீரர் வேடத்தை நாகராஜன் தாமே பூண்டமை பிறிதொரு சுவை. குற்றங் காண்பாரைப் பிறர்க்கு விடாது தம்மிடமே வைத்துக்கொண்டார் போலும்!

யாழ்ப்பாணத்தார்க்கு இஃது அயலான செய்தியன்று. எம் கோயில்களிலே புராண படனம் நிகழுங்கால் ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். நல்ல பயன்காரர் பதவுரையோடு அமையார். முன்னிருக்கும் கமக்காரனுக்கும் கிழவிக்கும் ஏற்ற உவமை கூட்டி, இடையே நகைப்பும் விளைப்பார். ஆனால் மூலச் செய்யுள் அருகிலேயே ஒலித்துக்கொண்டிருக்குமாதலின், அவர் கூட்டியது எது, முனிவர் சொன்னது எது எனக் கேட்பார்க்குத் தெரியும். படமும் ஒருவகைப் பயனே. செய்யுள் படிப்பார் மட்டும் அங்கு இலர்.

கந்தபுராணம் கேட்டு வளர்ந்த எம்மூர் முதியோர் இப்படத்தில் இன்னொன்றையும் உடனே கண்டுகொள்வர். தக்கன் வேள்விக் கதை திருவிளையாடல் அறுபத்து நான்கனுள் ஒன்றன்று. கச்சியப்பரின் தக்க காண்டத்துக்குரியது. வலைவீசின படலமும் விறகு விற்ற படலமுமே ஏனைய இரண்டு கதைகளுக்கும் மூலம்.

விறகு விற்ற படலத்தில் எமக்கு ஒரு குறை உண்டு. புராணத்து ஏமநாதன் யாழ்வல்லோன், பாணபத்திரனும் யாழ்ப்பாணன், விறகாளாய் வந்த இறைவனும் யாழேந்தி, திண்ணையிலிருந்து சாதாரிப் பண் பாடுகின்றான். படத்திலே போட்டி வாய்ப்பாட்டுப் போட்டியாக மாறியது. கே. வி. மகாதேவனின் இசையும் கண்ணதாசனின் சொல்லும் அதனை எவரும் மறக்கவொண்ணாததாக்கின என்பது மெய். எனினும் யாழின் பெயரால் வழங்கும் நாட்டிலே, விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' 1947 இல் வெளிவந்ததை அறிந்தோர்க்கு, அக்கருவி திரையில் முதலிடம் பெறாமை உறுத்தவே செய்யும். இராமநாதன் நுண்கலைக் கழகத்து இசையொலி கேட்கும் மருதனார்மடத்திலே இதனைச் சொல்லாது விடுதல் எங்ஙனம்?

பிறநாட்டாரிடத்தும் கற்றலே ஆக்கத்துக்கு முன்னிற்கக் காண்கிறோம். வங்கத்துச் சத்தியஜித் ராய், 'பதேர் பாஞ்சாலி'யின் சிறுவர் பதிப்புக்கு 1944 இல் ஓவியந் தீட்டியபோதே அதனைக் காட்சிகளாகக் கண்டார். படம் வெளிவந்தது 1955 இல். இலங்கையில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலை 1963 இற் படமாக்கினார். யப்பானிய நெறியாளர் குரோசாவா 1957 இல் சேக்சுபியரின் 'மக்பெத்'தைத் தம் நாட்டு நோ நாடக மரபோடு இணைத்தார். வரலாற்றுக்கும் இஃதொக்கும். உடையார்குடிக் கல்வெட்டு ஆதித்த கரிகாலன் கொலைக்குற்றவாளிகளின் பெயரைச் சொல்லி நிற்க, கல்கி அதனைச் சூழ்ந்து 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை எழுதினார். மணிரத்தினம் அதனை 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு படங்களாக்கினார். கல்லில் உள்ளது சில வரி. எஞ்சியது கற்பனை.

வகுப்புக்கு மீள்வோம். அன்று மாணவர்க்கு ஐம்பத்திரண்டாம் படலத்தைப் படித்துப் பயன் சொன்னோம். தருமியின் முறையீட்டுக்கு வந்ததும் பின்வாங்கிலிருந்த ஒருவன் நகைத்தான். படத்தை எண்ணியோ பாட்டை எண்ணியோ என யாம் கேட்கவில்லை. நக்கீரர் பொற்றாமரையில் வீழ்ந்த பின் நிகழ்ந்தது யாது என வேறொருவன் வினவினான். படம் விரைந்து முடிக்கும் அக்கதையைப் புராணம் மேலும் இரு படலங்களாக விரிக்கின்றது. நக்கீரர் கரையேறி, அகத்தியரிடம் இலக்கணமும் கேட்கிறார். மணி அடித்துவிட்டமையின், அவற்றை அடுத்த தவணைக்கு வைத்திருக்கிறோம்.