ஒரு காஃபும் ஏழு குன்றுகளும்

அம்மானில் அரபி: தொடர் – 7

சென்ற வாரம் வீடு கிடைத்த கதையைச் சொன்னேன். ஜபல் அல்-லுவைப்தா குன்றில், வெளுத்த சுண்ணாம்புக்கல் முகப்பு வைத்த பழைய கட்டடத்தின் நடுமாடி. ஓர் அறை, ஓர் அடுப்படி, தெருவைப் பார்த்த ஒரு சன்னல். வகுப்பு மதியத்தோடு முடிந்துவிடும். அதன்பின் மறுநாள் காலைவரை பேச ஆளில்லை. தனியாக இருப்பவனுக்குக் காதுதான் வீட்டுத்துணை. மேல்வீட்டில் நாற்காலி இழுபடும். பீத்தோவன் இசையை ஒலிக்கவிட்டபடி கேஸ் வண்டி மேடேறும். மாடிப்படியில் யாராவது பேசிக்கொண்டே இறங்குவார்கள். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று பிடிபடத் தொடங்கியது. இந்த ஊரில் ஒரே ஓர் எழுத்தை ஒருவர் எப்படிச் சொல்கிறார் என்பதை வைத்து, அவருடைய தாத்தா எந்த ஊர்க்காரர் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

அந்த எழுத்து காஃப். அரபி நெடுங்கணக்கில் 21-வது. அதற்கு அடுத்த எழுத்தும் நம் வாயில் ‘காஃப்’தான், ஆனால் அது நம்முடைய சாதாரண ‘க’. நான் சொல்வது அடித்தொண்டைக் காஃப். காயல்பட்டினத்தில் மதரசாவுக்குப் போன எல்லாப் பிள்ளைகளையும் போல நானும் பொருள் தெரியுமுன்னே குர்ஆனை முழுதாக ஓதி முடித்தவன். அடிநாக்கு மேலண்ணத்தின் பின்கோடியில் முட்டித் திரும்ப வேண்டும்; முட்டாவிட்டால் ஓதிக்கொடுக்கும் எங்கள் லெப்பை அடுத்த ஆயத்துக்குப் போக விடமாட்டார். உயிரின்றி நிற்கும்போது அதிர வேண்டிய ஐந்து எழுத்துகளை ‘குத்பு ஜத்’ என்று கோத்து மனப்பாடம் செய்திருந்தோம். அந்த ஐந்தில் முதல் எழுத்து காஃப். ஆக, அரபியில் ஒரு ரொட்டி கேட்டு வாங்கத் தெரியாமல்தான் அம்மானில் இறங்கினேன் என்றாலும், என் காஃபில் யாரும் குறை சொல்ல முடியாது என்ற மிதப்பு மட்டும் உள்ளுக்குள் இருந்தது.

வந்து பார்த்தால், அந்தக் காஃபைத் தெருவில் யாருமே சொல்வதாகக் காணோம்.

காப்பியையே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் அது ‘கஹ்வா’; உஸ்தாத், அதாவது ஆசிரியர், சொல்லும் காஃப் எங்கள் லெப்பை சொன்ன அதே காஃப். வாசலில் இறங்கி சர்வீஸ் டாக்சியில் ஏறினால் கதை வேறு. நிலையான வழித்தடத்தில் ஓடும் பங்கு வாடகை வண்டி அது. பின்னால் இருப்பவர் சில்லறையை முன்னால் இருப்பவர் கையில் கொடுத்து ஓட்டுநருக்கு அனுப்புவார். அந்த ஓட்டுநர் வாயில் காஃப், ‘கங்கை’யின் முதல் எழுத்தைப் போல ஒலிக்கும் கனத்த ‘க’. மேல்வீட்டுப் பாட்டி நாப்லுஸ் நகரத்துக் குடும்பம். அவருக்குக் காஃபே கிடையாது. தொண்டையைச் சட்டென்று ஒரு கணம் அடைத்துத் திறந்து ‘அஹ்வே’ என்பார். மளிகைக்கடைக்காரரின் பூர்விகம் பாலஸ்தீனத்தில் ஒரு கிராமம். அவருக்கு அது ‘காப்பி’யின் ‘க’ போன்ற மெல்லிய ‘க’. குடிக்கிற பானம் ஒன்று, ஒரு தெருவுக்குள் அதற்கு நான்கு தொடக்கம்.

ரொட்டிக்கடையில் வேலை செய்யும் இளைஞர்கள் சிரியாவின் தரா பக்கத்திலிருந்து போருக்குப் பின் வந்தவர்கள். அங்கே ரொட்டியை எண்ணித் தருவதில்லை, கிலோக் கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். ஒற்றை ஆளுக்கு அரைக்கிலோவே இரண்டு நாளைக்குக் காணும். அந்த இளைஞர்களின் காஃப் சிரியத் தலைநகரான டமாஸ்கஸின் காஃப் அல்ல. அங்கே நாப்லுஸ் பாட்டியைப் போலத் தொண்டையை அடைப்பார்கள். இவர்களுடையது சர்வீஸ் ஓட்டுநரின் கனத்த ‘க’. தராவும் வட ஜோர்டானின் ரம்தாவும் ஹௌரான் என்ற ஒரே சமவெளியில் இருக்கின்றன. நாட்டு எல்லை பின்னால் வந்து அதன் குறுக்கே விழுந்தது. பேச்சு எல்லைக்கு முந்தியது.

எங்கள் கட்டடத்தின் ஹாரிஸ், அதாவது காவல்காரர், எகிப்துக்காரர். அம்மானில் அந்த வேலையில் பெரும்பாலும் எகிப்தியர்களே இருக்கிறார்கள். கெய்ரோக்காரர்கள் ‘அஹ்வா’ என்பார்கள். இவர் தெற்கு எகிப்தான சயீதுக்காரர் என்பதால் கனத்த ‘க’தான். ஓசையை மட்டும் கேட்டால் ஓட்டுநரும் இவரும் ஒரே பக்கம். ஆனால் ஓட்டுநரின் ‘க’வில் மண்ணின் மைந்தன் என்ற நிமிர்வு உண்டு, ஹாரிஸின் ‘க’வை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓர் ஓசைக்குக் கிடைக்கிற மரியாதை, அது யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

இப்படி ஒரு கலவை ஏன் என்பதற்கு நகரத்தின் வயதில் விடை இருக்கிறது. ரோமானியர்கள் ஆயிரக்கணக்கானோர் உட்காரும் அரங்கம் கட்டிய ஊர் இது. பிறகு பல நூற்றாண்டுகள் இடிபாடாகக் கிடந்தது. 1878-ல் காக்கசஸ் மலைகளிலிருந்து துரத்தப்பட்ட செர்க்காசியர்கள் வந்து அந்த இடிபாடுகளுக்கிடையே குடியேறினார்கள். அவர்களுடைய தாய்மொழி அரபியே அல்ல. ஹிஜாஸ் ரயில் பாதை வந்தது. 1921-ல் டிரான்ஸ்ஜோர்டான் அமீரகம் உருவாகி, அம்மான் தலைநகரானது. பக்கத்தில் இருந்த பழைய வணிக நகரம் ஸல்த். அங்கிருந்தும் நாப்லுஸிலிருந்தும் வணிகர்களும் அலுவலர்களும் வந்தார்கள். 1948-லும் 1967-லும் பாலஸ்தீன அகதிகள், 2003-க்குப் பின் ஈராக்கியர்கள், 2011-க்குப் பின் சிரியர்கள். ஏழு குன்றுகளில் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஊர் குன்று குன்றாகத் தாவி, 2015 கணக்கெடுப்பில் மாகாணத்தின் தொகை 40 லட்சத்தைத் தொட்டது. டமாஸ்கஸுக்கும் கெய்ரோவுக்கும் இருப்பதுபோல அம்மானுக்கு நூற்றாண்டுகள் பழைய நகரப் பேச்சு கிடையாது. அது இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மொழியியலாளர் இனாம் அல்-வெர், ஸல்த், நாப்லுஸ் குடும்பங்களின் தாத்தா, பிள்ளை, பேரன் என்று மூன்று தலைமுறைப் பேச்சையும் வைத்து, ஒரு புது வழக்கு பிறப்பதைக் காட்டியிருக்கிறார்.

அந்தப் பிறப்பு அமைதியாக நடக்கவில்லை. 1970-ல் ஜோர்டான் ராணுவத்துக்கும் பாலஸ்தீன இயக்கங்களுக்கும் இடையே மூண்ட சண்டைக்குப் பிறகு, கனத்த ‘க’ வெறும் வட்டார வழக்காக நிற்கவில்லை; ‘நான் ஜோர்டானியன்’ என்று சொல்லும் குரலாகவும் ஆனது. பாலஸ்தீனக் குடும்பத்துப் பையன்களும் வெளியில் அதைப் பேசப் பழகினார்கள். பெண்களோ எதிர்த்திசையில் போனார்கள். ஜோர்டானியக் குடும்பத்து இளம்பெண்கள் பலர் தொண்டையடைப்பை எடுத்துக்கொண்டார்கள்; அது நகரத்து நயம், மென்மை என்றாகிவிட்டது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு காஃப், தங்கைக்கு ஒரு காஃப்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பிறகுதான். முதலில் கேட்டது மாடிப்படியில். மேல்வீட்டுப் பாட்டியின் பேரன் கல்லூரி மாணவன். கதவருகே நின்று பாட்டியோடு பேசும்போது அவர் பேச்சையே பேசுவான். கீழே தெருவில் நண்பர்கள் கூப்பிட்டதும், இறங்கிக்கொண்டே பதில் சொல்வான். என் கதவைத் தாண்டும்போது தொண்டையடைப்பு. வாசலைத் தொடும்போது கனத்த ‘க’. இரண்டு மாடி இறங்குவதற்குள் அவனுடைய காஃப் மாறியிருக்கும். அவன் அதைக் கவனித்தே செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட ஊரில் வெளியூர்க்காரன் எந்தக் காஃபைப் பேசுவது? முதல் சில வாரங்கள் மதரசாக் காஃபோடுதான் காய்கறி வாங்கினேன். கடைக்காரர் மிகுந்த மரியாதையோடு “தஃபத்தல், யா ஷேக்” என்பார். ஏதோ ஜும்ஆ பிரசங்கத்துக்கு வந்தவனிடம் கத்தரிக்காய் விற்கிற பணிவு. தமிழில் ‘தாங்கள் வெங்காயம் அருள்வீர்களா’ என்று கேட்டால் நம் சந்தையில் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி. நமக்கு இது புரியாத சங்கதியல்ல. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்ற இரட்டை ஏற்பாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். ழகரத்தைத் தெற்கே ளகரமாகவும் பழைய சென்னையில் யகரமாகவும் சொல்லிவிட்டு, மேடை ஏறினால் மட்டும் நாக்கை மடிக்கிறோம். வித்தியாசம் ஒன்றுதான்: நம் ழகரம் தவறினால் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள். அம்மானில் எந்தக் காஃபைச் சொன்னாலும் அது ஒரு சார்பாகிவிடும்.

உஸ்தாதிடமே கேட்டேன். மனைவியோடு போனில் தொண்டையடைப்பும், வாசலில் கார் நிறுத்துபவரிடம் கனத்த ‘க’வும், பலகையின் முன்னால் சுத்தமான காஃபுமாக நாள் முழுவதும் மூன்றும் பேசுகிற மனிதர் அவர். “யாருடைய வீட்டில் சாப்பிடுகிறாயோ அவர்களுடையதைப் பேசு” என்றார். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பதில் மெல்ல மெல்ல உண்மையானது. வெள்ளிக்கிழமைகளில் பாட்டி வீட்டிலிருந்து ஒரு தட்டு மக்லூபா வரத் தொடங்கியது. தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது என் வாயிலும் அந்தப் பெயர் ‘ம’வுக்குப் பின் ஓர் அடைப்போடு வந்தது. சர்வீஸில் ஏறினால் தானாகக் கனத்த ‘க’ வந்துவிடும். ஒரு மாணவனுக்குக் கிடைக்கிற சலுகை இது. எனக்கு யாரோடும் வழக்கு இல்லை, தாத்தாவின் ஊர் இல்லை.

என் சொந்தக் காஃபைத் தெருவில் வைத்துக் கேட்டது முடிதிருத்தும் கடையில் மட்டும். அவர் மோசுல் நகரத்துக் கிறிஸ்தவர். 2014-ல் ஐஎஸ் அமைப்பு அந்த நகரத்தைப் பிடித்தபோது குடும்பத்தோடு கிளம்பியவர். பாக்தாதில் முஸ்லிம்களின் பேச்சில் காஃப் கனத்த ‘க’வாகிவிட்டது, மோசுல் பேச்சு பழைய அடித்தொண்டைக் காஃபை விடவில்லை. ஓதும்போது மட்டுமே நான் அறிந்த ஓசையில் அவர் கத்தரிக்கோலைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் பேசினார்.

ஆனால் எந்தக் காஃப் ‘அசல்’ என்று யாராவது சண்டைக்கு வந்தால் எங்கள் லெப்பையின் பக்கமும் உறுதியாக நிற்க முடியாது. எட்டாம் நூற்றாண்டில் அரபி இலக்கணத்தின் பெருநூலை எழுதிய சீபவைஹி, காஃபைக் கனத்த ஒலிகளின் வரிசையில் வைத்திருக்கிறார். இன்று ஓதப்படும் காஃபோ மெல்லொலி. அன்றைய காஃப் ஓட்டுநரின் ‘க’வுக்குக் கிட்டத்தட்ட இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். நான் கொச்சை என்று நினைத்த ஓசைக்கு என் மதரசாப் பாடத்தைவிட வயது கூடுதலாக இருக்கலாம்.

அதற்காக மதரசாக் காஃப் வீணும் இல்லை. பாட்டி, பேரன், ஓட்டுநர், ஹாரிஸ் எல்லோருமே குர்ஆன் என்று சொல்லும்போதும், கெய்ரோவை அதன் அரபிப் பெயரான அல்-காஹிரா என்று சொல்லும்போதும், சட்டத்தைக் கானூன் என்னும்போதும் அடித்தொண்டைக்கே போகிறார்கள். செய்தி வாசிப்பும் அதில்தான். எந்தக் குன்றில் குடியிருந்தாலும் ஒவ்வொருவர் வாயிலும் குறைந்தது இரண்டு காஃபுகள் இருக்கின்றன: தாத்தா கொடுத்தது ஒன்று, எல்லோருக்கும் பொதுவானது ஒன்று. எனக்கு முதலில் வாய்த்தது பொதுவானது. மற்றதற்குத்தான் ஒரு தெரு தேவைப்பட்டது.

அடுத்த வாரம்: வாரத்துக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் நாளும், மொட்டைமாடித் தொட்டிகளைச் சுற்றி நடக்கும் அரபியும்.

(தொடரும்)