60 வாட் பல்பும் நீங்களும் ஒண்ணுதான்! - இ.இ.இ லேபுக்குள்ள போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

விம்கோ நகர்ல மெட்ரோ ஏறினா கிண்டி வரைக்கும் ஒரே ரயில்தான். திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து இன்ஜினீயரிங் படிக்கப் போற பசங்களுக்கு ரெக்கார்டு நோட்டை முடிக்க அந்தப் பயணம் போதும். அந்த நோட்டோட முதல் பக்கத்துல 'பாதுகாப்பு விதிமுறைகள்'னு ஒரு பட்டியல் இருக்கும். ஷூ போடு, முடியைக் கட்டு, மோதிரம், கடிகாரத்தைக் கழற்று, தனியா வேலை செய்யாதே... சீனியர் நோட்டைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவோம். ஏன்னு யாரும் கேட்கிறதில்லை. இன்னிக்குக் கேட்டுப் பார்ப்போம்.

முதல்ல ஒரு தப்பான நம்பிக்கை. 'ஷாக் அடிச்சா ஃபியூஸ் போயிடும், எம்.சி.பி விழுந்துடும்'னு பலரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டா வேற மாதிரி வருது. வியர்வையில நனைஞ்ச உடம்போட மின்தடையைச் சுமார் 1,000 ஓம்னு வெச்சுக்கலாம். 230 வோல்ட்டை 1,000-ஆல வகுத்தா 0.23 ஆம்பியர். பழைய 60 வாட் குண்டு பல்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இழுக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி-யைப் பொறுத்தவரை நீங்க எரியுற ஒரு பல்பு, அவ்வளவுதான். பல்பு எரிஞ்சா அது எதுக்கு விழணும்? அது காப்பாத்துறது ஒயரை, உங்களை இல்லை.

அப்போ எவ்வளவு கரன்ட் ஆபத்து? அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எலெக்ட்ரிக்கல் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல் இதை மனுஷங்களை வெச்சே அளந்து பார்த்தார். தானா முன்வந்த 134 ஆண்கள், 28 பெண்கள். கையில ஒரு கம்பி, அதுல கொஞ்சம் கொஞ்சமா கூடுற கரன்ட். எந்த அளவு வரைக்கும் அவங்களால கம்பியை விட முடியுது? ஆண்களுக்குச் சராசரியா 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதுக்கு மேல போனா கை விடாது. விரலை மடக்குற தசைக்கு விரிக்கிற தசையைவிட பலம் அதிகம். ரெண்டும் ஒண்ணா இழுக்கும்போது மடக்குறதுதான் ஜெயிக்கும். 'கரன்ட் இழுத்துடுச்சு'னு நம்ம ஊர்ல சொல்றோமே, அது கரன்ட் இழுக்குறது இல்லை, நம்ம கையே பிடிச்சுக்குறது. அதனாலதான் சந்தேகமான இடத்தை உள்ளங்கையால தொடக் கூடாது. புறங்கையால தொடுறதும் சரியான வழி இல்லை. டெஸ்டர், மீட்டர்னு கருவிகள் எதுக்கு இருக்கு?

இதே டால்ஸீல்தான் 1961-ல, கசியுற கரன்ட்டைக் கண்டுபிடிச்சு நொடியில சப்ளையை வெட்டுற கருவியை உருவாக்கினார். நம்ம வீட்டு டி.பி-யில 'டெஸ்ட்' பட்டனோட இருக்கிற ஆர்.சி.சி.பி அதோட உறவுக்காரர். நம்ம ஊர்ல 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சா விழுற மாதிரி வரும். ஆனா அதுக்கும் எல்லை உண்டு. ஒரு கையில ஃபேஸ், இன்னொரு கையில நியூட்ரல்னு பிடிச்சா கசிவே இல்லைன்னு சும்மா இருந்துடும். கரன்ட்டும் நெஞ்சு வழியாப் போகும். 'ஒரு கையைப் பின்னாடி வெச்சுக்கோ'னு லேப் அண்ணா சொல்றது இதுக்குத்தான். மெஷின்ஸ் லேப்ல ஓடுற 220 வோல்ட் டி.சி-யையும் சாதாரண ஆர்.சி.சி.பி கண்டுக்காது.

மெஷின்ஸ் லேபோட குணமே தனி. டி.சி ஷன்ட் மோட்டார் ஓடிட்டிருக்கும்போது ஃபீல்டு ஒயர் ஒண்ணு கழண்டா மோட்டார் நிக்கும்னுதானே நினைப்போம்? நிக்காது, வெறி பிடிச்ச மாதிரி வேகம் எடுக்கும். ஃபீல்டு ரியோஸ்டாட்டை மினிமத்துல வெச்சு ஸ்டார்ட் பண்ணுன்னு சொல்றதும் அந்த வேகத்தை அடக்கத்தான். டி.சி சீரிஸ் மோட்டாரை லோடு இல்லாம ஓட்டவே கூடாது. கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரோட செகண்டரியைத் திறந்து விட்டா அங்கே பெரிய வோல்டேஜ் ஏறிடும். சப்ளையை நிறுத்தின பிறகும் கெபாசிட்டர் சார்ஜோட காத்துட்டிருக்கும்.

இதுல நிறைய பேர் ஏமாறுறது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்ல. குமிழ் ஜீரோவுல இருக்கு, வோல்ட்மீட்டரும் ஜீரோ காட்டுது. 'சேஃப்'னு ஒயரைத் தொடுவோம். உள்ளேயும் வெளியேயும் ஒரே சுருள்தான், ரெண்டும் தனித்தனி இல்லை. இன்புட்ல ஃபேஸும் நியூட்ரலும் மாறி இருந்தா அந்த 'ஜீரோ' முனையிலயே 230 வோல்ட் நிக்கும். மீட்டர் பொய் சொல்லலை, ரெண்டு முனைக்கும் நடுவுல வித்தியாசம் இல்லைன்னுதான் சொல்லுது. தரைக்கும் அதுக்கும் நடுவுல நீங்க நிக்கிறது மீட்டருக்குத் தெரியாது. அதனால, மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஒயர் மாத்தணும்.

முடி, துப்பட்டா, தனியா வேலை பத்தி ஒண்ணு. 2011 ஏப்ரல்ல, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துல கடைசி வருஷம் படிச்ச மாணவி ஒருத்தர், ராத்திரி மெஷின் ஷாப்புல தனியா லேத்துல வேலை செஞ்சப்போ முடி சிக்கி இறந்துட்டார். நிறுத்த ஆள் இல்லை. லோடு டெஸ்ட்ல பெல்ட்டும் டிரம்மும் சுத்துற இடத்துல நம்ம துப்பட்டாவுக்கும் ஐடி கார்டு கயித்துக்கும் அதே கதைதான். 'பொண்ணுங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை ரூல்?'னு கோபம் வரலாம். தொளதொள ஃபுல் ஹேண்ட் சட்டைக்கும், கழுத்துச் செயினுக்கும்கூட இதே ரூல்தான்.

இந்தப் பாடம் வட சென்னையில லேபோட முடியுறதில்லை. கடல் காத்து. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் இரும்பு கேட், பால்கனி கம்பி எல்லாத்தையும் தின்னுற அந்த உப்பு, எர்த் ஒயர் மாட்டின நட்டையும் விட்டுவைக்காது. பார்த்தா பச்சை ஒயர் இருக்கும். துருவுக்கு நடுவுல தொடர்பு இருக்காது. வாஷிங் மெஷின்ல கை வெச்சா 'சுருக்'குங்குதா? 'கொஞ்சமாத்தானே இருக்கு'னு செருப்பு போட்டுட்டுத் துவைக்காதீங்க. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்க.

அப்புறம் மழை. 2017 நவம்பர் 1. கொடுங்கையூர்ல தெருவுல தேங்கின மழைத்தண்ணிக்குள்ள கிடந்த மின்கம்பியை மிதிச்சு 2 சிறுமிகள் இறந்தாங்க. நனைஞ்ச கால், 230 வோல்ட்... மேல போட்ட அதே கணக்குதான்.

கண்ணெதிர்ல யாராவது மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்? ஓடிப்போய் இழுக்காதீங்க, அடுத்த பல்பு நீங்கதான். லேப்ல சிவப்புக் காளான் மாதிரி ஒரு எமர்ஜென்சி பட்டன் இருக்கும், அதை அடிங்க. வீட்டுல மெயின் சுவிட்ச். அணைக்கவே வழி இல்லைன்னா, காய்ஞ்ச மரப்பலகை மேல நின்னு காய்ஞ்ச கட்டையால ஒயரைத் தள்ளலாம். இது வீட்டு சப்ளைக்கு மட்டும். ரோட்டுல ஹெச்.டி லைன் அறுந்து விழுந்தா கிட்டவே போகாதீங்க. ஆளைப் பிரிச்ச பிறகு மூச்சு இல்லைன்னா 108-க்கு ஒருத்தர் போன் பண்ணட்டும், இன்னொருத்தர் நடுநெஞ்சுல நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தணும். ஷாக்ல இதயம் நிக்காம தாறுமாறாத் துடிச்சிட்டிருக்கலாம், அதனால ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது.

அடுத்த லேப் அன்னிக்கு சர்க்யூட் கனெக்‌ஷன் கொடுக்குறதுக்கு முன்னாடி, அந்தச் சிவப்பு பட்டன் எந்தச் சுவத்துல இருக்குன்னு பார்த்துக்கோங்க, வேலை செய்யுதான்னு லேப் அண்ணாகிட்ட கேளுங்க. வீட்டுக்குத் திரும்புற வழியில கதவு திறந்து ஒயர் வெளியே தொங்குற இ.பி பெட்டியைப் பார்த்தா, மின்னகம் நம்பர் 94987 94987. போட்டோ எடுக்கணும்னு பெட்டிகிட்ட மட்டும் போகாதீங்க.