பகாசுரனும் ஒரு கார்டும்: அசுரனுக்குத் தீனி போடுவது யார்?

“பகாசுரன் மாதிரி சாப்பிடுறான்டா!” சத்துவாச்சாரியில் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் வீட்டில், ராத்திரி பரோட்டா பார்சல் பிரிக்கும் நேரத்தில் இப்படி ஒரு குரல் கேட்டால் யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். அதே அறையில் ஒருவர் ‘மேஜிக்: த கேதரிங்’ விளையாடுபவராக இருந்தால், அவருக்கு இன்னொரு பெரிய வயிற்றுக்காரனும் நினைவுக்கு வரலாம். பெயர் ‘லார்ட் ஆஃப் த பிட்’. தமிழில் சொன்னால், பாதாளக் குழியின் அதிபதி.

ஒருவன் மகாபாரதத்து அசுரன். இன்னொருவன் 1993-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு கார்டு. ஒருவரைப் பார்த்து ஒருவரை வரைந்தார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இருவரும் போடும் நிபந்தனை கிட்டத்தட்ட ஒன்றுதான்: “நான் உன் பக்கம் இருக்கேன். ஆனா முறை தவறாம எனக்கு ஒரு உயிர் வேணும்.”

அது என்ன கார்டு விளையாட்டு?

மேஜிக்: த கேதரிங் 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதவியலாளர். வெளியிட்டது விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம். கார்டுகளை வாங்கி, சேர்த்து, மாற்றிக்கொண்டு விளையாடும் ‘டிரேடிங் கார்டு கேம்’ என்ற வகையே இதிலிருந்துதான் தொடங்கியது. போக்கிமான் கார்டுகள் எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

விதி சுருக்கமாக இதுதான். இரண்டு பேரும் மந்திரவாதிகள். ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகள். நிலங்களைக் குறிக்கும் கார்டுகளிலிருந்து ‘மானா’ என்ற சக்தி கிடைக்கும். அந்தச் சக்தியைச் செலவழித்து வீரர்கள், விலங்குகள், பூதங்கள் போன்றவற்றை வரவழைத்து எதிராளியைத் தாக்க வேண்டும். எதிராளியின் 20 புள்ளிகளும் தீர்ந்தால் ஜெயித்தாயிற்று.

வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று மானாவில் ஐந்து நிறங்கள். இதில் கறுப்பின் குணம், ‘எந்த விலை கொடுத்தாவது பலம்’. அசுரர்கள் பெரும்பாலும் இந்த நிறத்தில்தான் வருவார்கள்.

பில் முதலில், சண்டை பிறகு

லார்ட் ஆஃப் த பிட் முதல் தொகுப்பிலேயே இடம்பிடித்த கார்டு. ஓவியர் மார்க் டெடின். வரவழைக்க 7 மானா வேண்டும். அதில் மூன்று கறுப்பாக இருக்க வேண்டும். தாக்கும் பலம் 7, தாங்கும் பலம் 7. பறக்கும். குறுக்கே சின்ன ஆளை நிறுத்தினால் மிதித்துக்கொண்டு போய் மிச்ச அடியை எதிராளி மேலேயே இறக்கும். அன்றைய கணக்கில் இது ஒரு ராட்சசப் பலம்.

சிக்கல் கார்டின் அடியில் இருக்கும் வரிகளில்தான். ஒவ்வொரு முறையும் உங்கள் ஆட்டம் தொடங்கும்போது ‘அப்கீப்’ என்று ஒரு கட்டம் வரும். பராமரிப்புச் செலவைக் கட்டும் நேரம். அப்போது உங்கள் படையில் இருக்கும் வேறொரு உயிரை நீங்கள் இந்த அசுரனுக்குப் பலி கொடுக்க வேண்டும். கொடுக்க எதுவும் இல்லையா? அசுரன் உங்களுக்கே 7 புள்ளி அடி கொடுப்பான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவருக்கும் 20 புள்ளி. உங்களிடம் அசுரன் மட்டும்தான் இருக்கிறான், தீனி கிடையாது. அசுரனை இறக்கிய அடுத்த முறை: முதலில் உங்களுக்கு அடி, நீங்கள் 13. அப்புறம் அசுரன் தாக்குகிறான், எதிராளியும் 13. அதற்கடுத்த முறை நீங்கள் 6, எதிராளியும் 6. மூன்றாவது முறை? பராமரிப்புக் கட்டம்தான் முதலில் வரும். நீங்கள் காலி. 6 புள்ளியோடு எதிராளி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.

சம்பளம் வருவதற்கு முன்பே இஎம்ஐ எடுக்கப்படும் வங்கிக் கணக்கு மாதிரிதான். வண்டி என்னவோ உங்களுடையதுதான். ஆனால் தவணை தவறினால் அது யார் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

தீனிக்காகவே பிறந்தவர்கள்

விளையாடுபவர்கள் சும்மா இருப்பார்களா? வழி கண்டுபிடித்தார்கள். 1994-ல் ‘ஃபாலன் எம்பயர்ஸ்’ என்ற தொகுப்பில் ‘பிரீடிங் பிட்’ என்று ஒரு கார்டு வந்தது. தாக்கும் பலம் 0, தாங்கும் பலம் 1 என்ற ‘திரல்’ என்னும் சின்ன ஜீவனை அது முறைக்கு ஒன்றாகப் பெற்றுப்போடும். அதை அசுரனுக்குக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு அடி விழாது. ஆனால் இதற்கும் ஒவ்வொரு முறையும் கறுப்பு மானா கட்ட வேண்டும். ஆக, செலவு ஒழியவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான்.

அந்தத் தொகுப்பின் பின்னணிக் கதை இன்னும் சுவாரஸ்யமானது. திரல்கள் பலி கொடுப்பதற்கென்றே வளர்க்கப்பட்டவை. ஒரு கட்டத்தில் அவை எதிர்த்துக் கிளம்பின. வளர்த்தவர்களையே அழித்தன.

நம்ம ராட்சசன் அங்கே இல்லையா?

இருக்கிறான். 2014-ல் வந்த ‘கான்ஸ் ஆஃப் டார்கிர்’ தொகுப்பில் ‘ராக்ஷசா’ என்ற பெயரிலேயே பல கார்டுகள் உண்டு. ஆனால் முகம் பூனை முகம். கார்டில் ‘பூனை – அசுரன்’ என்றே வகை போட்டிருக்கும். 1970-களில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு ராட்சசனைப் புலித்தலையோடு வரைந்தது. அந்த உருவம்தான் அமெரிக்க விளையாட்டுகளில் நிலைத்துவிட்டது. பெயர் நம்மூர், முகம் வேறு ஊர். நம் கதைக்கு நெருக்கமான விதியோ, நம்மூர்ப் பெயர் இல்லாத பழைய கார்டில்தான் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் இந்த மாதிரி விளையாட்டுகள் பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கின்றன என்று 1980-களிலிருந்தே ஒரு பயம் பரவியிருந்தது. அதனால் 1990-களின் நடுவில் மேஜிக் புதிய அசுரன் கார்டுகளை அச்சிடுவதையே நிறுத்திக்கொண்டது. 2002-ல் ‘ஆன்ஸ்லாட்’ தொகுப்பில்தான் அசுரர்கள் திரும்பி வந்தார்கள். வடஆர்க்காட்டுக் கிராமங்களில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே அசுரன் வருவதே திருவிழாவில், கோயில் பக்கத்தில்.

ஏகசக்கர நகரத்து ஒப்பந்தம்

வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும்போது பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, முடிவில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். நடுவில் பல ஊர்களில் பகாசுரன் வதமும் உண்டு. பீமன் வேடம் கட்டியவர் சோற்று வண்டியில் ஏறி ஊரைச் சுற்றி வருவார். பிள்ளைகள் வண்டிக்குப் பின்னாலேயே ஓடுவார்கள்.

கதை பலருக்கும் தெரியும். அரக்கு மாளிகையிலிருந்து தப்பிய பாண்டவர்கள் ஏகசக்கர நகரத்தில் ஓர் அந்தணர் வீட்டில் மறைந்து வாழ்கிறார்கள். ஊருக்கு வெளியே பகன் என்ற அசுரன். ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமைக்கடா, அதைக் கொண்டுவரும் ஆள் – எல்லாமே அவனுக்குச் சாப்பாடு. வீட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்து அனுப்ப வேண்டும். தப்பிக்கப் பார்த்தால் குடும்பத்தோடு காலி.

பலரும் கவனிக்காமல் விடும் விவரம் ஒன்று மகாபாரதத்தில் இருக்கிறது. பகன் சும்மா வந்து தின்பவன் இல்லை. அந்த நாட்டை அவன் காவல் காக்கிறான். அவன் இருப்பதால் வெளி எதிரிகள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை என்று அந்த அந்தணரே சொல்கிறார். ராஜா ஒருவன் இருக்கிறான். ஆனால் திராணி இல்லாதவன், வேத்திரகீயம் என்ற இடத்தில் இருக்கிறான். தமிழில் வில்லிபாரதம் இந்தக் கதை வரும் பகுதிக்கே வேத்திரகீயச் சருக்கம் என்றுதான் பெயர் வைத்திருக்கிறது.

ஆக, இது ஓர் ஒப்பந்தம். அசுரனின் பலம் நாட்டுக்குப் பாதுகாப்பு. அதற்குப் பராமரிப்புச் செலவு, முறை வைத்து ஓர் உயிர்.

இங்கேதான் கார்டும் கதையும் பிரிகின்றன. கார்டில், அசுரனை வரவழைத்தவர் யாரோ அவர் படையிலிருந்துதான் பலி போக வேண்டும். இல்லாவிட்டால் அடி அவருக்கே. ஏகசக்கரத்தில் ராஜாவுக்கு ஒரு கீறலும் இல்லை. முறை வருவது சாதாரண வீடுகளுக்கு. அன்று முறை வந்த வீட்டில் அப்பா “நான் போறேன்” என்கிறார், அம்மா “நான்” என்கிறாள், மகள் “நான்” என்கிறாள். பேசவே சரியாக வராத சின்னப் பையன் ஒரு புல்லை எடுத்துக்கொண்டு, இதாலேயே அசுரனைக் கொன்னுடுவேன் என்கிறான். அழுதுகொண்டிருந்தவர்கள் அந்த நேரத்திலும் சிரித்துவிடுகிறார்கள்.

குந்தி தன் மகனை அனுப்புகிறாள். பீமன் போய், அசுரன் கண்ணெதிரே உட்கார்ந்து சோற்றையெல்லாம் தானே சாப்பிடுகிறான். பிறகு அவனை முறித்துப் போடுகிறான். அடுத்து யார் முறை என்ற கேள்வியே அன்றோடு முடிகிறது.

பாலாற்றங்கரையில் அதே கேள்வி

‘பலத்துக்கான விலையை யார் கட்டுவது?’ என்பது வேலூர்க்காரர்களுக்குக் கதையில் மட்டும் கேட்கும் கேள்வி இல்லை. சத்துவாச்சாரிக்கு வடக்கே ஓடும் பாலாறு, அதற்கு முன்பு வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பட்டறைப் பகுதிகளைக் கடந்துதான் வருகிறது. தோல் தொழில் அசுரன் அல்ல. பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில், அந்நியச் செலாவணி கொண்டுவரும் தொழில். ஆனால் அதற்கும் ஒரு பராமரிப்புச் செலவு இருந்தது. அது ரொம்ப காலம் தொழிலின் கணக்குப் புத்தகத்தில் ஏறவே இல்லை. ஆற்றிலும் கிணற்றிலும் வயலிலும் ஏறியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், தோல் பட்டறைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கின்றன. தொழிலால் வேலையும் செலாவணியும் கிடைப்பதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், அதற்காகச் சுற்றுச்சூழலை அழிக்க உரிமை கிடையாது என்றது. ‘மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதி செய்தது. ஐந்து மாவட்டங்களின் பட்டறைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதத்தைக் கலெக்டர் ஆபீஸில் கட்ட வேண்டும் என்றது.

கார்டு மொழியில் சொன்னால், அசுரனை வரவழைத்தவர் யாரோ அவரே பராமரிப்புச் செலவைக் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் கிணற்றில் அதை இறக்கக் கூடாது.

விவகாரம் அதோடு முடியவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாறு மாசு குறித்து மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து, அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. நடுவில் 28 வருஷங்கள் போய்விட்டன.

கார்டைத் திருப்பிப் பார்ப்பவர்கள்

மேஜிக்கில் லார்ட் ஆஃப் த பிட்டுக்குப் பிறகு இன்னும் பலமான அசுரர்கள் வந்துவிட்டார்கள். 2010-ல் வந்த ‘அபிஸல் பெர்ஸிக்யூட்டர்’ வெறும் 4 மானாவுக்கு 6 பலம் தரும். ஆனால் அது உங்களிடம் இருக்கும்வரை நீங்கள் ஜெயிக்கவே முடியாது. 2012-ன் ‘கிரிஸல்பிராண்ட்’ 7 உயிர்ப் புள்ளி கொடுத்தால் 7 கார்டு தரும். உருவம் மாறினாலும் இவர்களிடமும் இனாம் கிடையாது.

அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் அசுரன் கார்டு கையில் வந்தால் பல எண்ணையும் படத்தையும் பார்த்து மயங்குவதில்லை. கீழே இருக்கும் சின்ன எழுத்துகளை முதலில் படிக்கிறார்கள். ‘என்ன தருவான்’ என்பது முதல் கேள்வி இல்லை. ‘என்ன கேட்பான், யாரிடம் கேட்பான்’ என்பதுதான். ஏகசக்கர நகரத்து ராஜா இரண்டாவது கேள்வியைக் கேட்கவே இல்லை. அவனுக்கு முறை வரவில்லை.