உப்பை அடகு வைத்த கடன்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடப்பவர்கள் வெண்ணிற உப்புக் குவியல்களைக் கண்டிருப்பர். அந்த உப்பு ஒரு காலத்தில் அரசுகளின் கருவூலத்துக்கே அச்சாணி. சென்னை மாகாணத்தில் 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பரம ஏழையும் வாங்கியே தீர வேண்டிய பொருள் என்பதால், அதன் மீதான வரி தவறாமல் வந்து சேரும். இந்தச் சூத்திரம் சீனாவிலும் இருந்தது.

1911-ம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் சீனக் குடியரசின் தலைவரான யுவான் ஷிகாயிடம் படை இருந்தது, பணம் இல்லை. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, ஜப்பான் ஆகிய ஐந்து நாடுகளின் வங்கிக் கூட்டமைப்பு, 1913 ஏப்ரலில் 2.5 கோடி பவுண்டு கடன் தர ஒப்பந்தம் செய்தது. வட்டி 5 சதவீதம். தவணைக் காலம் 47 ஆண்டுகள். முதன்மை ஈடு உப்பு வரி. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை.

இடைத்தரகின் கணக்கு இங்கேதான் தெரிகிறது. 100 பவுண்டு பத்திரம் முதலீட்டாளர்களுக்கு 90 பவுண்டுக்கு விற்கப்பட்டது. அதில் சீனாவுக்குக் கிடைத்தது 84. இடையிலிருந்த 6 பவுண்டு வங்கிகளின் கழிவு. ஆனால் வட்டியோ முழு 100 பவுண்டுக்கும். உப்பு வரியைச் சீரமைக்க நியமிக்கப்பட்டவர், இந்தியாவின் உப்பு, கலால் துறையில் உயர் அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் டேன். வரி வருவாய் அந்நிய வங்கிகளில் செலுத்தப்பட்டு, கடன் தவணை போக மிஞ்சியதே அரசுக்குக் கிடைத்தது. அதே ஆண்டுக் கோடையில் தென் மாகாணங்களில் எழுந்த கிளர்ச்சியை யுவான் படைகொண்டு அடக்கினார்.

அடுத்த தரகர் தனி மனிதர். ஜப்பானியப் பிரதமர் தெராவுச்சியின் அந்தரங்கத் தூதராகச் செயல்பட்ட வணிகர் நிஷிஹாரா கமேசோ, 1917-18-ல் துவான் சிருய் அரசுக்கு 14.5 கோடி யென் கடன் ஏற்பாடு செய்தார். ரயில், சுரங்கம், தந்தி என்று காகிதத்தில் எழுதப்பட்ட பணத்தின் பெரும்பகுதி துவானின் படைகளுக்கும் அரசியலுக்கும் போனது. 1918 மே மாதம் இரு நாடுகளுக்கும் இடையே ராணுவ ஒப்பந்தமும் கையெழுத்தானது. அந்தக் கடனில் பெரும்பகுதி ஜப்பானுக்குத் திரும்பவே இல்லை.

கடன் வாங்குவதே தவறு என்று நான் வாதிடவில்லை. கடனால் எழுந்த ரயில் பாதைகளும் அணைகளும் உலகெங்கும் உண்டு. மக்கள் மன்றத்துக்குத் தெரியாமல் பேசி முடிக்கப்படும் கடன்தான் ஆபத்தானது. அதில் ஆட்சியாளருக்குப் படை கிடைக்கிறது; தரகருக்குக் கழிவு கிடைக்கிறது; கையெழுத்திடாத உப்பு வாங்குபவர் தலைமுறைக்கும் செலுத்துகிறார்.

இன்று சீனாவே கடன் கொடுக்கும் நாடு. அதன் கடனில் எழுந்த அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-ல் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனத்தின் கைக்குப் போனதை நம் அண்டை நாட்டில் பார்த்தோம். கடன் கொடுப்பவர் யாராயினும், நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை: ஏற்பாடு செய்தவர் யார்? அவருக்குக் கழிவு எவ்வளவு? ஈடு எது? மக்கள் பிரதிநிதிகள் ஒப்பந்தத்தைப் படித்தார்களா? பதில் வரும்வரை, கையெழுத்து காத்திருக்கட்டும்.