கண்ணுக்கு எட்டாத கால்பந்தாட்டம்

நாட்டின் பெயரைத் தாங்கிப் பதினொரு இளைஞர்கள் அயல்மண்ணில் ஆடுகின்றனர். நாட்டு மக்களோ, அந்த ஆட்டம் எந்தத் தொலைக்காட்சியில் வரும், வருமா வராதா என்று தேடிக் களைத்து, மறுநாள் நாளிதழில் முடிவை மட்டும் படித்து மனம் அமைகின்றனர். இந்தியக் கால்பந்துக் குழுவுக்கும் அதன் அன்பர்களுக்கும் இடையே நெடுநாளாக நிலவும் உறவு இதுதான்.

இக்குழு என்றுமே எளிய குழுவாக இருந்ததன்று. 1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வென்று தங்கம் பெற்றது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962இல் ரஹீம் அவர்களின் பயிற்சியில் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2–1 என வென்று மீண்டும் தங்கம் கொணர்ந்தது. அந்நாளையக் குழுவின் இலக்கைக் காத்தவர்களுள் ஒருவர் பீட்டர் தங்கராஜ். 1960இல் ரோம் நகரில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் அடித்தவர் தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை அடித்த கடைசிக் கோல் அதுவே. ஆனால் இப்பெயர்கள் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முயற்சியாகத்தான் தொடங்கியது. ஆகவே அந்தப் பொற்காலம் கண்ணுக்கு எட்டாமல் போனதற்குக் காலத்தைக் குறை கூறலாம். இன்றைய நிலைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

காட்சியின் வலிமை

1986இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையைத் தூரதர்ஷன் ஒளிபரப்பிற்று. மரடோனா என்ற மனிதர் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டார். அன்று முதல் கல்கத்தாவின் சந்துகளிலும் கேரளத்தின் சிற்றூர்களிலும் அர்ஜென்டினாவின் கொடி பறக்கலாயிற்று. காணாத நாட்டின்மேல் இத்தனை அன்பை விளைத்தது காட்சியன்றி வேறென்ன? கண்டதைத்தான் மனம் கொண்டாடும். இன்று நம் இல்லங்களில் வளரும் சிறுவன் ஐரோப்பிய அணிகளின் வீரர்களை வரிசையாகச் சொல்கிறான். சென்னையிலிருந்து இந்தியக் குழுவுக்குச் சென்ற நந்தகுமார் சேகரைக் கேட்டால் விழிக்கிறான். குற்றம் சிறுவனுடையதன்று.

2025 ஆகஸ்டு, செப்டம்பரில் நடந்த நடு ஆசிய நாடுகள் கோப்பையில் நம் குழு தஜிகிஸ்தானை அதன் சொந்த மண்ணிலேயே வென்றது. இறுதியில் ஓமானைப் பெனால்டி உதைகளில் வீழ்த்தி மூன்றாம் இடம் பெற்றது. அவ்வாட்டங்களை இங்கே காண இணையவழிச் சேவை ஒன்றைத்தான் நாட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூலை 5ஆம் நாள் நம் பெண்கள் குழு சியாங் மாய் நகரில் தாய்லாந்தை 2–1 என வென்று, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. சங்கீதா பாஸ்ஃபோர் அடித்த அந்த இரு கோல்களை நேரில் கண்டு ஆர்ப்பரித்த இல்லங்கள் எத்தனை?

தடை எங்கே?

ஓர் ஆட்டத்தின் ஒளிபரப்பு உரிமை பெரும்பாலும் அதை நடத்தும் நாட்டுச் சம்மேளனத்தைச் சேர்ந்தது. ஆகவே இந்தியாவில் நடக்கும் ஆட்டம் ஒருவரிடமும், வெளிநாட்டில் நடக்கும் ஆட்டம் மற்றொருவரிடமும் போய்ச் சேருகிறது. சில வேளை எவரிடமும் சேருவதில்லை. விளம்பர வருவாயும் ஒரு காரணம். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் இடைவெளி உண்டு. கால்பந்திலோ நாற்பத்தைந்து நிமிடம் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். விளம்பரத்துக்கு நடு இடைவேளைதான் கதி. வணிகர் கணக்குப் பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால் நாட்டின் குழு வணிகப் பண்டம் மட்டுமா?

காட்சியின் அருமையை 2024 ஜூன் 11ஆம் நாள் தோஹா உணர்த்திற்று. சாங்டே அடித்த கோலால் கத்தாரை விட இந்தியா முன்னணியில் இருந்தது. 73ஆம் நிமிடத்தில், எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியேறியதாகத் தோன்றிய பந்தை உள்ளே இழுத்துக் கத்தார் வீரர்கள் கோலாக்கினர். நடுவரும் அதை ஏற்றார். இந்தியா 1–2 எனத் தோற்று, அடுத்த சுற்று வாய்ப்பையும் இழந்தது. அக்காட்சியைக் கண்டதனால்தான் நாடு கொதித்தது. சம்மேளனமும் முறையீடு செய்தது. காட்சி இல்லையேல், அது தோல்விப் பட்டியலில் மேலும் ஓர் எண்ணாகவே முடிந்திருக்கும்.

"மக்களுக்கே ஆர்வமில்லை" என்பார் உளர். 2018 ஜூன் 1ஆம் நாள் மும்பையில் சீனத் தைபேயை நம் குழு 5–0 என வென்றபோது அரங்கில் இருந்தோர் 2,569 பேர் மட்டுமே. மறுநாள் தலைவர் சுனில் சேத்ரி, "ஏசுவதற்காகவேனும் வாருங்கள்" என்ற பொருளில் கைகூப்பி வேண்டினார். ஜூன் 4ஆம் நாள் கென்யாவுடன் நடந்த ஆட்டத்துக்கு ஒரு சீட்டும் எஞ்சவில்லை. ஆர்வம் இருந்தது, அழைப்புத்தான் இல்லை.

செய்யத்தக்கவை

நாட்டுக்கு முக்கியமான விளையாட்டுகளின் நேரடிக் காட்சியைப் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. இந்தியக் கிரிக்கெட்டின் ஒருநாள் ஆட்டங்கள் எளியவர் வீட்டுக்கும் வருவது அதனால்தான். ஆண், பெண் இரு குழுக்களும் ஆடும் ஒவ்வொரு தகுதிச் சுற்று ஆட்டத்துக்கும் அந்தத் தகுதி வேண்டும். ஆயினும், எவரும் வாங்காத உரிமையைப் பகிரச் சட்டத்தால் இயலாது. வெளிநாட்டு ஆட்டங்களின் உரிமையைச் சம்மேளனமே முன்கூட்டிப் பெற்று, உள்நாட்டு ஆட்டங்களோடு ஒரே கட்டாக வழங்குதல் நன்று. 2010 டிசம்பரில் 700 கோடி ரூபாய்க்குச் செய்துகொண்ட பதினைந்து ஆண்டு வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. இனி எழுதும் ஒப்பந்தங்களில் இந்நிபந்தனையைச் சேர்க்கத் தடை என்ன?

நமக்கும் ஒரு கடமை உண்டு. பிறந்த மண்ணை விட்டு, பிறமொழி பேசும் நகரங்களில் வாழ்பவர் நாம். மிசோரம் சாங்டேயும், பஞ்சாபின் குர்பிரீத்தும், சென்னை நந்தகுமாரும் ஒரே சட்டை அணிந்து நிற்கும் குழு, பக்கத்து வீட்டாரோடு நம் பிள்ளைகள் சேர்ந்து ஆரவாரிக்கத்தக்க குழு. சங்கக் கூடத்தில் ஒரு திரை கட்டி, அடுத்த ஆட்டத்தன்று அண்டை அயலாரையும் அழைத்து அமர்ந்து பார்ப்போம். நம் ஊரில் ஆட்டம் நடந்தால் பிள்ளைகளோடு அரங்கத்துக்கே செல்வோம். காண்பவர் பெருகினால் காட்டுபவரும் தேடி வருவர்.