பொறியியல் மாணவரும் இலக்கு வகுத்தலும்

பாலம் ஒன்று அமைக்க என்றால் பொறியியல் மாணவன் உடனே கணக்கைத் தொடங்குவான். அப்பாலம் எதன்பொருட்டு என்றால் சற்றே தயங்குவான். இது அவன் குறையன்று. வினாத்தாளில் இலக்குப் பெரும்பாலும் தரப்பட்டே வருகின்றது. அதனைத் தானே வகுக்கும் பயிற்சி அவனுக்கு அருகியே கிடைக்கின்றது.

அப்பயிற்சிக்குத் துணையாவது தொகுதிச் சிந்தனை. ஒன்றன் மாற்றம் மற்றொன்றைத் தாக்கி, அத்தாக்கம் சுழன்று முதலாவதையே வந்தடையுமாறு இணைந்த உறுப்புக்களின் கூட்டமே தொகுதி எனப்படும். மின்பொறியியலாளரான ஜே பொரஸ்ரர் 1950களில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் இம்முறையைத் தொழிற்சாலை நிருவாகத்துக்குப் பொருத்திக் காட்டினார். அவர் வழிவந்த டொனெல்லா மெடோஸ் அம்மையார், ஒரு தொகுதியின் நோக்கத்தை அது சொல்வதைக்கொண்டன்றி அது நடப்பதைக்கொண்டே அறியவேண்டும் என விளக்கினார்.

இதனை உணர ஊவா மாணவர் தொலைவு செல்லவேண்டியதில்லை. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்குச் சென்றிருந்தமையால் பிள்ளைகள் பலர் உயிர்தப்பினர். திரும்பியபோது வீடு இல்லை. சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அவ்விடம் அபாயமானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவியல் தவறவில்லை. எனின், தவறியது யாது?

இவ்வினாவை வகுப்பில் இட்டால் தாங்குசுவர், கான், மழைமானி, அபாயச் சங்கு என்றே முதலில் விடைகள் வரும். யாவும் நல்லவை, ஆயினும் அவை கருவிகள், இலக்குக்கள் அல்ல. எச்சரிக்கை விடுத்தலே இலக்காயின் அது 2005இலேயே நிறைவேறிவிட்டது! சரிவின் கீழ் எவரும் உறங்காதிருத்தல் இலக்காயின், கரும்பலகையில் வரையவேண்டிய படம் பெரிதாகின்றது. கான்கள் தூர்ந்த சரிவில் மழைநீர் வழிந்தோட வகையின்றி மண்ணுள் இறங்கும், துளைநீரமுக்கம் உயரும், மண்ணின் பிடிமானம் தளரும். இவ்வளவும் பாடநூலில் உண்டு. ஆனால், லயம் நிற்கும் நிலம் தொழிலாளிக்கு உரியதன்று. வேலையும் வீடும் ஒரே தோட்டத்தோடு பிணைந்தவை. வெளியேறு என்றால் ஏகுவதற்கு வேறு காணி இல்லை. மழை ஓய அச்சமும் ஓயும். மலை சரியாது கழியும் ஒவ்வோராண்டும் எச்சரிக்கையின் மதிப்பைக் குறைக்கும். இவை பாடநூலில் இல்லை. எனினும் துளைநீரமுக்கத்தைப் போன்று இவையும் விசைகளே.

ஆதலின், இலக்கை எழுதுமுன் தொகுதியின் எல்லையை எங்கே இட்டான் என்பதை மாணவன் கூறல்வேண்டும். எல்லை மண்ணோடு நின்றால் விடை சுவராகும். நிலவுரிமைவரை சென்றால் விடை மாற்றுக் காணியாகும். வரம்பின்றி அதனை விரித்தலும் ஆகாது. உலகனைத்தையும் படத்தில் அடைப்பவன் ஒரு கல்லையும் நகர்த்தான். இலக்கு அளக்கத்தக்கதாயும் இருத்தல்வேண்டும். அனுப்பிய எச்சரிக்கைகளின் தொகையன்று, பெருமழை இரவில் அபாய வலயத்துள் உறங்கிய குடும்பங்களின் தொகையே எண்ணப்படவேண்டியது.

மீரியபெத்தையில் தப்பியோருட் பலர் ஏறக்குறைய இரண்டாண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கியிருந்து, 2016இலேயே புதிய வீடுகளைப் பெற்றனர். சரிவுக்கு முன் கிடையாத காணி சரிவுக்குப் பின் கிடைத்தது. அந்த அம்புக்குறியையும் மாணவன் தன் படத்தில் வரைதல்வேண்டும்.