சொல்லக் கூசும் வலி



குழுக் கூட்டத்தில் மூட்டுவலி, முதுகுவலி பற்றிப் பேசுகிறோம். பிறப்புறுப்பில் எரிச்சல், ஊசி குத்துற மாதிரி வலி என்றால் மட்டும் வாய் திறப்பதில்லை. "உடம்புச் சூடு, தானா சரியாயிடும்" என்று மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறோம்.

காரணம் என்ன?

பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும். தோல் வெளுத்து அரிக்கும் நோய், மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி, பிரசவத் தையல் தழும்பு ஆகியவையும் காரணமாகலாம். பரிசோதனையில் எதுவுமே தெரியாமல் 3 மாதத்துக்கு மேல் வலி நீடித்தால் அதற்கு 'வல்வோடைனியா' என்று பெயர். இது மனப்பிரமை இல்லை, உண்மையான வலி.

என்ன செய்யலாம்?

* கடையில் நாமாகக் களிம்பு வாங்கித் தடவக் கூடாது. சோப்பு, டெட்டால் வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.
* எத்தனை மாதமாக, எந்த இடத்தில், உட்காரும்போதா, கணவருடன் சேரும்போதா என்று டாக்டரிடம் கூசாமல் சொல்லுங்கள். ஈரப் பஞ்சால் மெல்லத் தொட்டு வலிக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள்.
* மரத்துப்போகச் செய்யும் களிம்பு, நரம்பு வலி மாத்திரை, இடுப்புத் தசைப் பயிற்சி என்று சிகிச்சை உண்டு. குணமாகச் சில மாதம் ஆகும், பாதியில் விடாதீர்கள்.
* ஆறாத புண், கட்டி இருந்தால் உடனே காட்டுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதையும் பேசுவோம். சொன்னால்தானே வைத்தியம் கிடைக்கும்!